குப்புறக் கிடத்தச் சொன்னார்கள்

வால்டெனோரைப் பற்றி விசாரிக்க வந்த பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சின்ன வயதில் பூனை, நாய் எதையாவது கொன்றானா, அவன் பார்வையில் ஏதாவது தெரிந்ததா என்று. ஒரு மண்ணும் தெரியவில்லை. எங்கள் பாகுரி ஓடை என்கிற ஊரில் கோழி அறுக்க அக்காளைக் கூப்பிடுகிற ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். இதைச் சொன்னதும் அவர்கள் முகம் சப்பென்று போய்விடும். அரக்கனைத் தேடி மூன்று நாள் பஸ்ஸில் வந்தவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அவன் தகப்பன் தங்கம் தோண்டப் போகிறேன் என்று வடக்கே போனவன், போனவன்தான். தாய் செத்தபோது வால்டெனோருக்கு மூன்று வயது, அக்காள் எடில்சாவுக்குப் பதினாறு. பாபசுப் பனங்கொட்டையின் பாலைப் பிழிந்து ஊட்டித்தான் அவனை வளர்த்தாள். கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் இந்தத் தம்பியைச் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போல அவளும் கொட்டை உடைத்தாள். கோடாலியின் கூர் மேலே பார்க்க, காம்பைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். கொட்டையைக் கூரில் வைத்துக் கட்டையால் ஒரே போடு. விரல் தப்பினால் பருப்பு, தப்பாவிட்டால் விரல். எடில்சாவுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்துகிற வேலையும் அவளுடையதுதான். வால்டெனோர் அவள் உடைத்த ஓடுகளைக் குழியில் போட்டு மூட்டிக் கரி எடுப்பான். சாவு விழுந்தால் குழி வெட்டுவான். அக்காள் குளிப்பாட்ட, தம்பி குழி வெட்ட, ஒரு வீட்டைக் கூப்பிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நாங்கள் கேலி பேசியிருக்கிறோம்.

என் வீடு அவர்கள் வீட்டிலிருந்து இரண்டாவது. மரவள்ளி மாவு வறுக்கிற பெரிய அடுப்பு என்னிடம்தான் இருந்தது. கிழங்கைத் துருவவும் பிழியவும் வறுக்கவும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் என் கொட்டகைக்குத்தான் வருவார்கள். அதனால் எல்லோர் கதையும் எனக்குத் தெரியும், என் கதை மட்டும்தான் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த வருஷம் ஏப்ரல் முடியப் போகிறது, மழை விடவில்லை. பாதி ஊர் காய்ச்சலில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொமிங்காஸ் என்கிறவளின் மகள் லுசிமார் கொட்டை பொறுக்கப் பனங்காட்டுக்குத் தனியாகப் போனாள். பத்தொன்பது வயது. ஒன்பது வயதில் கொட்டை ஓடு தெறித்து மேல் முன்பல்லில் ஒன்று வேரோடு போயிருந்தது. அந்த இடைவெளி வழியாக அவள் சீட்டியடித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். திங்கட்கிழமை விடிந்ததும் பெண்கள் அவளைப் பனங்காட்டுக்குள் கண்டெடுத்தார்கள். கழுத்தில் பனை நார் இறுக்கிய தடம் இருந்தது. முகத்தின் மேல் ஒரு ஓலையை ஒழுங்காக மூடி வைத்திருந்தான், செய்தவன்.

ஒன்றை எடில்சா எனக்குச் சில நாள் கழித்துத்தான் சொன்னாள், ஆனால் நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து விளையாட இது விடுகதை இல்லை. ஞாயிறு சாயங்காலம் வால்டெனோர் கையில் காயத்தோடு வந்தான். கரிக்குழியில் சுட்டுக்கொண்டேன் என்றான். எடில்சா பச்சிலை அரைத்துக் கட்டினாள். சுட்ட காயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அது பல் தடம். இரண்டு வரிசை. மேல் வரிசையில் ஒரு பல்லுக்கு இடம் காலி.

திங்கள் மதியம் லுசிமாரைத் தூளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிப்பாட்ட எடில்சா வந்தாள், கூடமாட நான் போனேன். தலை, கழுத்து, கை எல்லாம் முடித்து முகத்துக்கு வந்தபோது எடில்சாவின் கை நின்றுவிட்டது. ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தண்ணி போதலையா?" என்று கேட்டேன்.

"இல்ல. நாத்தம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள். பிறகு அந்தப் பல் வரிசையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினாள்.

தொமிங்காஸ் உள்ளே வந்தாள். அழுது முடித்தவளின் முகம்.

"எடில்சா, எம்மவளக் குப்புறப் போடு."

கொலையுண்டவரைக் குப்புறக் கிடத்திப் புதைத்தால் கொன்றவனின் கால் ஊர் எல்லையில் இருக்கிற கடைசி வேலியைத் தாண்டாது. சுற்றிச் சுற்றி இங்கேயே கிடந்து கடைசியில் தானாகவே வாயைத் திறப்பான். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"பெத்தவ வாயால சொல்லலாமா தொமிங்காஸ்? பிள்ள மொகம் மண்ணப் பாத்துல்லா கெடக்கும்" என்றாள் எடில்சா.

"கெடக்கட்டும். மேல பாத்துக் கெடந்து இனி எந்த அழகப் பாக்கப் போறா? அந்தப் பய இந்தக் கடைசி வேலியத் தாண்டக் கூடாது. தாண்டுனாம்னா நான் பெத்ததே வீணு. போடுதியா, இல்ல நானே போடட்டா?"

பெட்டியில் வைத்து, எடில்சா தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, குப்புறப் புரட்டினோம். தொமிங்காஸ் குனிந்து மகளின் பிடரியில் முத்தமிட்டாள். தொமிங்காஸின் தம்பி ஃபிர்மீனோ ஆணி எடுத்து வரப் போனான். தொமிங்காஸைப் பெண்கள் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். எடில்சா கதவைச் சாத்தினாள்.

"எர்மீனியா, காலப் பிடி" என்றாள் என்னிடம்.

"எதுக்குடி?"

"திருப்பிப் போட்ருவோம். பிள்ளைக்கு மூச்சு முட்டும்டி."

செத்த பிள்ளைக்கு ஏது மூச்சு என்று நான் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் முகத்தை மண்ணில் அழுத்துவது எனக்கும் பொறுக்கவில்லை. எடில்சாவுக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொண்டே காலைப் பிடித்தேன். மல்லாக்கக் கிடத்தினோம். மூடியை அவளே வைத்தாள், ஃபிர்மீனோ வந்து ஆணி அடித்தான்.

சாயங்காலமே அடக்கம். குழியை வால்டெனோர் வெட்டியிருந்தான். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் வாளியில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். தொமிங்காஸ் அவனுக்குக் காப்பி கொடுத்தனுப்பினாள். "இந்த வீட்ல காசும் வேண்டாம் காப்பியும் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினான். எவ்வளவு தங்கமான பையன் என்று பெண்கள் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

புதன்கிழமை பூனை வந்தான். தெற்கே கரும்பு வெட்ட ஆள் பிடிக்கிற தரகனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மற்ற வருஷங்களில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவான். அந்த வருஷம் அவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வேலியைத் தாண்டிப் போகிறவன் யோக்கியன், தாண்ட முடியாதவன் கொலைகாரன் என்று ஊரே லாரியைச் சுற்றி நின்றது. போகிற உத்தேசமே இல்லாத ஆண்கள்கூடத் துணி மூட்டையோடு வந்து ஏறினார்கள். பூனைக்கு ஒன்றும் புரியவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டே பெயர் எழுதினான்.

"ஏறுங்கவே, ஏறுங்க. இன்னைக்குத் தெரிஞ்சிரும் யாரு காலு ஒட்டுதுன்னு" என்று ஃபிர்மீனோ வெட்டரிவாளோடு நின்றான்.

எடில்சா கோழியை வறுத்து மாவில் புரட்டி டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். வால்டெனோர் அதை வாங்காமல் நின்றான்.

"எக்கா, நான் இங்கனயே இருக்கேனே. கரிக்குழி பாதியில கெடக்கு."

"கரிய நான் பாத்துக்கிடுதேன். ஏறுலே."

"எக்கா, ஒட்டிருச்சுன்னா?"

எனக்குக் காதில் விழுந்தது. விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன், எல்லோரும் அன்றைக்கு அப்படித்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒட்டாது. நான் சொல்லுதேம்லா, ஒட்டாது. ஏறு" என்று அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

லாரி சேற்றில் ஊர்ந்து போனது. எங்கள் ஊர் ஜெனெசியோவும் அதில் இருந்தான். மூன்று நாளாகக் காய்ச்சல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஒசானா எட்டு மாதக் கைப்பிள்ளையோடு கூடவே நடந்து வந்தாள். வேலிக்கு இருபதடி இருக்கும்போது ஜெனெசியோ குதித்து இறங்கிப் புதருக்குள் ஓடினான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். லாரி நின்றது. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவன் ஏறப் பார்த்தான். கால் வழுக்கியது. மறுபடி ஏறினான், மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை சேற்றில் மண்டி போட்டுவிட்டான். சிரிப்பு நின்றுபோனது.

"ஒட்டிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"வயித்தால போகுதுவே. காய்ச்சல்வே எனக்கு, தொட்டுப் பாருங்களேன்" என்று ஜெனெசியோ கையை நீட்டினான். தொட ஒருத்தரும் முன்வரவில்லை. முதல் அடி ஃபிர்மீனோவுடையது. ஒசானா பிள்ளையைத் தரையில் போட்டுவிட்டு அவன் மேல் விழுந்து மறைத்தாள், அவளை இழுத்துப் போட்டுவிட்டு அடித்தார்கள். அதற்குள் பூனை நேரமாகிறது என்று லாரியை எடுக்கச் சொன்னான். வால்டெனோர் வேலியைத் தாண்டிப் போனான்.

போலீஸ் ஜெனெசியோவைக் கொண்டுபோய் ஒரு வாரத்தில் ஒத்துக்கொள்ள வைத்தது. அவனுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைத்தான். ஒசானாவுக்கு மாவு கொடுக்கக்கூட ஊரில் ஆளில்லாமல் போயிற்று. என் கொட்டகைக்கு அவள் வந்தால் மற்றவர்கள் எழுந்து போவார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. குப்புறக் கிடக்காத பிணம் யார் காலைக் கட்டும்? ஒரு சனிக்கிழமை எடில்சாவிடம் போனேன். கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எடில்சா, நாமதான் திருப்பிப் போட்டோமே. அப்ப ஜெனெசியோ காலு எப்பிடிடி ஒட்டும்?"

"ஒட்டாது."

"அப்பச் சொல்லிருவோமா?"

இரண்டு கொட்டை உடைத்தாள். மூன்றாவதைக் கூரில் வைத்துவிட்டு அடிக்காமல் பிடித்திருந்தாள்.

"சொன்னா என்ன செய்வாவ? குழியத் தோண்டி அவள மறுபடியும் குப்புறப் போடுவாவ. அவன் எங்க இருந்தாலும் அங்கனயே நின்னு போவான்."

"எவன்?"

அப்போதுதான் பல் தடத்தைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"பாவி, நீ இரக்கப்படுதேன்னுல்லாடி நான் நெனச்சேன்!"

"நான் தூக்கி வளத்த பிள்ள. குளிப்பாட்டுனது நான், சோறு ஊட்டுனது நான். அவன இவனுக வெட்டிப் போடுததப் பாக்கச் சொல்லுதியா? தூரமாப் போகட்டும். அங்க விடியக்காலம் எழுப்பி இருட்டுத வரைக்கும் வேலை வாங்குவானாம். அவனுக்கு நேரமே இருக்காது."

"அங்க பொம்பளைகளே இல்லையா எடில்சா?"

கட்டையை ஓங்கி அடித்தாள். பருப்பு தெறித்துக் கோழிக்குப் போனது.

"இருப்பாவ. எனக்கு அவியளத் தெரியாது."

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகும் நான் தொமிங்காஸிடம் போகவில்லை, போலீஸிடமும் போகவில்லை. ஃபிர்மீனோவின் அரிவாளுக்குப் பயந்தேன். பெற்றவளை ஏமாற்றிப் பிணத்தைத் திருப்பியவள் என்று ஊர் காறித் துப்பும், கொட்டகைக்கு ஒருத்தியும் வரமாட்டாள் என்று பயந்தேன். ஒசானாவுக்குத் தெரியாமல் அவள் வாசலில் ஒரு படி மாவு வைத்துவிட்டு வருவேன். அதைப் பெரிய தருமம் என்றும் நினைத்துக்கொண்டேன். தூ.

டிசம்பரில் ஆண்கள் திரும்பி வந்தார்கள், வால்டெனோர் வரவில்லை. அவன்தான் எல்லோரையும்விட அதிகமாக வெட்டுகிறான், மேஸ்திரிக்குச் செல்லப்பிள்ளை, அங்கேயே தங்கிவிட்டான் என்றார்கள். அக்காளுக்கு ஒரு நீலப் பூப்போட்ட உடுப்பு கொடுத்தனுப்பியிருந்தான். அடுத்த வருஷம் டிவியில் அந்தப் பக்கத்துச் செய்தி ஒன்று வந்தது. கரும்புக்காட்டில் ஒரு பெண், கழுத்தில் நார், முகத்தில் தோகை மூடியிருந்தது. அப்போது எடில்சா என் வீட்டில் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை வைத்துவிட்டு, "தண்ணி எடுக்கணும்" என்று குடத்தோடு ஓடைக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்து இன்னொருத்தி. எடில்சா தண்ணிக்குப் போனாள். அப்புறம் அம்மாவும் மகளுமாக இரண்டு பேர். டிவிக்காரர்கள் 'கரும்புக்காட்டு அரக்கன்' என்று பெயர் வைத்தார்கள். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் ஐந்து தடவை அவள் தண்ணிக்குப் போனாள். குடம் நிறைந்திருந்தாலும் போனாள்.

ஏழாவது பெண் தப்பித்து ஓடிப் போலீஸைக் கூட்டிவந்தாள். வால்டெனோர் ஓடவில்லை, சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தானாம்.

அவனை டிவியில் பேட்டி எடுத்தது ஒரு மத்தியானம். ஊரில் பாதி என் வீட்டில்தான் இருந்தது. தொமிங்காஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒசானா நான்கரை வயதுப் பிள்ளையோடு வாசல்படியில் நின்றாள். ஜெனெசியோ அப்போதும் ஜெயிலில்தான் இருந்தான், ஒரு காது கேட்காமல் போயிருந்தது. எடில்சா வந்தபோது ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டாள். திரையில் வால்டெனோர் கொஞ்சம் தடித்திருந்தான், முடியை ஒழுங்காகச் சீவியிருந்தான். சந்தைக்குப் போய்வந்த கதையைப்போல ஒவ்வொருத்தியாகச் சொன்னான். அங்கே ஆறு, இங்கே இரண்டு. இங்கே இரண்டா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வலிப்பு வந்து ஓடையில் மூழ்கினாள் என்று நாங்கள் புதைத்த துணி துவைக்கிறவளின் பெயரைச் சொன்னான். அடுத்து லுசிமாரின் பெயரைச் சொன்னான். ஒசானா, "ஐயோ என் ஜெனெசியோ" என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

"யாரும் உங்களைச் சந்தேகப்படவில்லையா?" என்று கேட்டான் பேட்டிக்காரன்.

வால்டெனோர் அதே குரலில் சொன்னான்.

"எங்க ஊர்ல கொலையானவளக் குப்புறப் போட்ருவாங்க. அப்பிடிப் போட்டா கொன்னவன் வேலியத் தாண்ட முடியாது. லுசிமாரக் குப்புறப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும், குழி நாந்தான வெட்டுனேன். லாரில பயந்துக்கிட்டேதான் ஏறுனேன். வேலிகிட்ட ஒட்டிரும், ஒட்டுன ஒடனே எறங்கி எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் உக்காந்திருந்தேன். ஆனா ஒட்டல. சும்மா லேசாத் தாண்டிருச்சு. சரி, அவளே என்னைய விட்டுட்டா, இனி கேக்க ஆளில்லன்னு நெனச்சேன்."

யாரோ டிவியை அணைத்தார்கள். தொமிங்காஸ் எழுந்திருக்கவில்லை.

"எம்மவளா விட்டா? அவனையா?" என்றாள். "அவ மொகத்த மண்ணுல வச்சு அழுத்தச் சொன்னேனே. நாலு வருசமா மழை பேயுத ராத்திரியெல்லாம் அவ வாயில மண்ணு போகுமேன்னு ஒக்காந்திருக்கேனே. அவ்ளோ செஞ்சும் அவளால ஒருத்தன் காலப் பிடிக்க முடியலையா?"

"தொமிங்காஸ்" என்றாள் எடில்சா. சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள். "அவ குப்புறக் கெடக்கல. மூடி போடுததுக்கு முன்னால திருப்பிட்டேன்."

தொமிங்காஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல பாத்தா கெடக்கா?"

"மேல பாத்துத்தான்."

"வாயில மண்ணு போகலையா?"

"போகல. துணி போட்டு மூடித்தான் வச்சேன்."

தொமிங்காஸின் முகம் இளகியது. நெஞ்சிலிருந்து பெரிய மூச்சாக ஒன்று வந்தது. எடில்சாவின் கையைப் பிடிக்கக்கூடப் போனாள். பாதியில் அந்தக் கை நின்றுவிட்டது.

"எதுக்குத் திருப்புன?"

எடில்சா சொன்னாள். தம்பியின் கையில் இருந்த தடம், லுசிமாரின் பல், வறுத்த கோழி, ஒன்றையும் விடவில்லை. யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றாள் என்று நினைக்கிறேன். ஃபிர்மீனோ வாசலில்தான் நின்றான். ஆனால் அவன் ஒசானாவின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனால் அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை.

"அவன் சொல்லிருப்பான்" என்றாள் தொமிங்காஸ். "கேட்டியா? ஒட்டுனா சொல்லிருப்பேன்னு சொன்னாம்லா. எம்மவ அவனப் பிடிச்சிருப்பா. நீதான் அவ கையத் தட்டி விட்டிருக்க. அங்க செத்தவளுக ஆறு பேருக்கும் ஆத்தா இருப்பா. போ. போயி ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லிட்டு வா. எங்கிட்ட வராத."

எடில்சா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியாது. வெளியே போகத் திரும்பினாள். வாசலில் ஒசானா வழி விடவில்லை.

"பெட்டி எம்புட்டு ஒடுக்கம்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள வெறச்ச ஒடம்ப ஒத்தையாப் பொரட்ட முடியாது" என்றாள் ஒசானா. சத்தமே போடவில்லை. "நீ தோளப் பிடிச்சிருப்ப. காலப் பிடிச்சது யாரு?"

எடில்சா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒத்தையாத்தான் பொரட்டுனேன்."

"யாரு எடில்சா? அன்னைக்கே அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்மாப்பிள இந்தப் பிள்ளையத் தூக்கி வளத்திருப்பாரு. யாரு?"

"ஒத்தையாத்தான்."

எல்லோரும் எடில்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். அடுப்பில் மாவு கருகுகிறது, கிளறிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே கொட்டகைப் பக்கம் நடந்தேன். அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை.